மதில் தாண்டிய மிதிவண்டி

இலண்டனின் தென்மேற்கே உள்ள ரிச்மண்ட் பூங்கா, 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் மான் வேட்டைக்கென மதிலெழுப்பி வளைத்த நிலம். ஊரார் நிலங்களும் அதனுள் அகப்பட்டன. பின்னர் அரசகுமாரி அமேலியா, அனுமதிச் சீட்டுடையோர்க்கன்றிப் பிறர்க்குக் கதவடைத்தார். பீர் வடிக்கும் தொழில் புரிந்த ஜான் லூயிஸ் என்பவர் அஞ்சாது வழக்காடி, 1758இல் நடந்து செல்லும் உரிமையை வென்றார். மதிலைக் கடக்க ஏணிகள் வந்தன!

நடையாளருக்கு வென்ற அவ்வுரிமையை இன்று மிதிவண்டியும் துய்க்கிறது என்பேன். மேடும் பள்ளமுமான சாலையில் ஒரு சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். புரூம்ஃபீல்டு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். 2012 ஒலிம்பிக் பந்தய வீரர்கள் இவ்வழியே பறந்தனர். நமக்கு அவ்வேகம் வேண்டா, வாசகரே! கருவாலி மர நிழலினின்று செம்மான் கூட்டம் திடீரெனச் சாலைக்கு வரும். நின்று வழிவிட வேண்டும்.