காற்றில் வனையும் முகம்

உடப்பில் ஆடித் தீமிதிப்பு முடிந்த கையோடு திரௌபதை அம்மனின் முகத்தை வனையத் தொடங்கினேன். களிமண்ணில் அல்ல, கணினியோடு கேபிளில் இணைத்த குவெஸ்ட் 2 மெய்நிகர் ஹெட்செட்டுக்குள். மென்பொருள் மீடியம், 2016இல் ஓகுலஸ் வெளியிட்டது, பிறகு அடோபியிடம் போனது.

இரு கண்ணுக்கும் சற்றே வேறான படங்கள் போகின்றன, ஆழத்தை மூளை கட்டிக்கொள்கிறது. 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் விளக்கிய தத்துவம்தான். மவுஸ் என்றால் மூக்கின் எடுப்பைப் பார்க்க உருவத்தைச் சுழற்ற வேண்டும். இங்கே தலையைச் சாய்த்தால் போதும்! ஒரு கை கன்ட்ரோலர் களியை இடுகிறது, மற்றக் கை உருவத்தைப் பிடித்துத் திருப்புகிறது.

ஆனால் அந்தக் களிக்கு எதிர்ப்பே இல்லை. கன்னத்தை அழுத்தினால் விரலுக்கு வெறும் அதிர்வுதான். 1990களில் எம்.ஐ.டி.யில் தோமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கிய ஃபான்டம் கருவி, பிடித்த கையைத் திருப்பித் தள்ளும். சிற்பிக்கு வேண்டியது அதுதான் என்பேன்.

ஊர்ப் பிள்ளைகள் யாரும் பழக விரும்பினால் வாருங்கள். முதலில் உங்கள் கண்மணி இடைவெளிக்கு ஏற்ப ஹெட்செட்டின் வில்லைகளைச் சரிசெய்யுங்கள்: 58, 63, 68 மில்லிமீற்றர் என மூன்று நிலைகள். அது பொருந்தாவிட்டால் கண் களைத்துத் தலையிடி வரும்.