அடகுக் கடை வாங்காத நகை

பொன்னுக்கு எந்தக் காலத்திலும் போக்கிடம் உண்டு. பழசானால் உருக்கலாம். கை வறண்ட காலத்தில் அடகு வைக்கலாம். மகள் கல்யாணம் வந்தால் அழித்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். கவரிங் நகைக்கு இந்த வழி எதுவுமே கிடையாது. முலாம் தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்து, கல்லும் உதிர்ந்துவிட்டால் எந்தக் கடையும் அதைத் தொடாது. அப்படிப்பட்ட நகையை ஒருத்தி முப்பது நாற்பது வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்றால், அதை வாங்கித் தந்தவர்மேல் உள்ள பிரியத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. சொந்தக்காரர்களின் பழைய நகையைச் சரிசெய்து தரும் வேலையை இந்த வயதில் நான் ஆசையோடு செய்வது அதனால்தான்.

என் தங்கை சிறுமியாக நாட்டியம் கற்றபோது அம்மா சீட்டுப் பணத்தில் ஒரு செட் வாங்கித் தந்தார். நெற்றிச்சுட்டி, தலைக்குச் சூரியன் சந்திரன், ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் அதில் உண்டு. நாகர்கோவிலின் வடசேரியில் வெள்ளியில் அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, பொன் தகடு ஒட்டிச் செய்யும் கோயில் நகைகள் புகழ்பெற்றவை. புவிசார் குறியீடும் பெற்றவை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அவை எட்டாது. அதே அமைப்பில் செம்பில் செய்து முலாம் போட்ட செட்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. தங்கையின் பேத்தி அரங்கேற்றத்துக்கு அதையே போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாள். “பெரியம்மா, புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?” என்று கேட்டபடி தங்கையின் மகள் பெட்டியைக் கொண்டுவந்தாள். “புதுசாக்க வேண்டாம்மா, ஆடினாலும் உதிராதபடி உறுதியாக்கித் தருகிறேன்” என்றேன்.

கெம்புக்கல்லின் அடியில் மெல்லிய மின்னும் தாள் இருக்கும். கல்லுக்கு ஒளி தருவது அதுதான். நகையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ஈரம் இறங்கி அந்தத் தாள் கறுத்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் கல் விழிக்காது. அதனால் உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டி, பஞ்சு சுற்றிய குச்சியை லேசாக நனைத்து உலோகத்தை மட்டும் துடைக்க வேண்டும். வியர்வை உப்பு பட்டுச் செம்பில் பச்சையாகப் படிந்திருப்பதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுக்கலாம். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. மெல்லிய முலாமை அவை அரித்துவிடும். சூடும் ஆகாது. அரக்கு நிரப்பிய நகை சூட்டில் இளகிவிடும், ஆகவே பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம்.

உதிர்ந்த கல்லை அவசரப் பசையால் ஒட்டுகிறவர்கள் உண்டு. அதன் ஆவி கல்லின்மேல் வெள்ளையாகப் படியும். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் அரால்டைட் நிதானமானது; கல்லைத் திருப்பி நேராக வைக்க அவகாசம் தரும். பழைய கெம்பின் சிவப்பும் இப்போது கடையில் கிடைக்கும் கல்லின் சிவப்பும் சேராது. நெற்றிச்சுட்டியின் நடுக்கல் போயிருந்தது. ராக்கொடியின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பழைய கல்லை எடுத்து நெற்றிச்சுட்டியின் நடுவில் வைத்தேன். புதிய கல்லைப் பூச்சரம் மறைக்கும் அந்த ஓரத்தில் பதித்தேன்.

அட்டிகையின் நூல் நைந்திருந்தது. கத்தரிக்கும் முன் தங்கைக்குப் போன் செய்தேன். “அக்கா, அந்த முடிச்சு அம்மா போட்டது. என் கழுத்துக்கு நீளமா இருக்குன்னு மேடைக்குப் பின்னால நின்னு கட்டினாங்க, அவுத்துடாதே” என்றாள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் அழுக்கு நூல். புதிய பட்டு நூல் ஒன்றைக் கூடவே கோத்துப் பாரம் முழுவதையும் அது தாங்கும்படி செய்தேன். அம்மாவின் முடிச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது.

உறவுக்காரர்களுக்கு உதவ முன்வரும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நமக்குக் குறையாகத் தெரிவது அவர்களுக்குப் பொக்கிஷமாக இருக்கலாம். கேட்காமல் சீராக்கப் புறப்படாதீர்கள். கூலி வாங்காத வேலைக்குக் கெடு வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். காசு கொடுத்தவர் தாமதமானால் உரிமையோடு கேட்பார். உறவுக்காரர் சங்கடப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுவார். அந்த மௌனத்தில் மனஸ்தாபம் வளரும். தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் கொடுங்கள். முடியாததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளியில் செய்த அசல் நகை வந்தால் நான் கைவைப்பதில்லை, அதைத் தொழில் தெரிந்த ஆசாரியிடம் அனுப்பிவிடுவேன். மிஞ்சிய கல், கழற்றிய கொக்கி எல்லாவற்றையும் சிறு பையில் போட்டுத் திருப்பித் தருவேன். அவை அவர்களுடையவை.

சரிசெய்ததைக் காப்பதும் கற்றுத்தர வேண்டிய விஷயம். சென்ட் போட்டால் அது காய்ந்த பிறகு நகையை அணிய வேண்டும். ஆடி முடித்ததும் பருத்தித் துணியால் வியர்வையை ஒற்றி, காற்றாட வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதற்குரியவர் நம்மோடு இருக்கும்போதே அவரை உட்காரவைத்துத் திறந்து பாருங்கள். யார் வாங்கித் தந்தது, எந்த விசேஷத்துக்குப் போட்டது, எது அறுந்தது, யார் முடிச்சுப் போட்டது என்று கேளுங்கள். கல்லும் கொக்கியும் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். இந்தப் பதில்களை அவர் ஒருவர்தான் தர முடியும்.