என் பாக்கி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கோவையில் சின்னதாக ஓர் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். பேங்க் ஓ.டி.யைப் புதுப்பிக்க வருஷா வருஷம் ஆடிட்டர் ஆபீசில் பேலன்ஸ் ஷீட் தருவார்கள். பென்சிலில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிடுவேன். லாபம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேட்பதோடு சரி. அப்படிப்பட்டவன் ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால், எல்லாம் வரவேண்டிய பாக்கி செய்த வேலை.

என் பெட்டிகளில் பாதிக்கு மேல் வாங்குவது வீட்டு உபயோகப் பொருள் செய்கிற ஒரு கம்பெனி. பங்குச் சந்தையில் இருப்பது. 45 நாளில் பணம் என்பது பேச்சு. அது 90 ஆகி, 120ஐத் தொட்டது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போன் போட்டால், "ஃபண்ட் கொஞ்சம் டைட்டுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்கள். அதே வாரம் பேப்பரில் அவர்கள் லாபம் உயர்ந்த செய்தி வந்திருக்கும். எனக்குக் காகிதம் தருகிற மில்காரரோ பழைய பில்லை முடித்தால்தான் அடுத்த ரீலை லாரியில் ஏற்றுவார். இத்தனை லாபம் வந்தால் எனக்குக் கொடுக்க ஏன் பணமில்லை? இந்த ஒரு கேள்வியோடுதான் அறிக்கையை இறக்கி, பிரின்ட் எடுத்தேன்.

முன்பாதி முழுக்கப் படங்களும் சேர்மன் கடிதமும். என் ஆடிட்டர் வயதில் இளையவர். "அதெல்லாம் அப்பறம் படிச்சுக்கலாங்கண்ணா, நேரா ஆடிட்டர் ரிப்போர்ட்டுக்குப் போங்க" என்றார். போனால் கணக்கு இரண்டு செட் இருக்கிறது. ஒன்று கம்பெனியின் தனிக் கணக்கு. மற்றது துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கூட்டுக் கணக்கு. என் பில் தாய்க் கம்பெனி பெயரில் இருப்பதால் எனக்கு வேண்டியது தனிக் கணக்கு. தொகை கோடியிலா லட்சத்திலா என்பது பக்கத்தின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் படித்தால் கணக்கே மாறிவிடும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழித்தல். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

லாப நஷ்டக் கணக்கில் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. விற்பனை கூடியிருந்தது, லாபமும் கூடியிருந்தது, பேப்பரில் வந்தது பொய்யில்லை. ஆனால் பில் போட்டவுடனேயே விற்பனை அங்கே ஏறிவிடும், காசு கைக்கு வந்ததா என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. அதைப் பேலன்ஸ் ஷீட்டில் தேட வேண்டும். மார்ச் 31 அன்று யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது அங்கே போன வருஷத் தொகையோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டீலர்களிடமிருந்து வரவேண்டிய தொகை, விற்பனை கூடிய விகிதத்தைவிட வேகமாகக் கூடியிருந்தது.

அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதன் பின்கதை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மார்ச்சிலும் அவர்கள் என்னிடம் பெட்டி கேட்டு அவசரப்படுத்துவார்கள், ராத்திரி ஷிப்ட் ஓட்டுவோம். ஏப்ரலில் ஆர்டர் அப்படியே படுத்துவிடும். டீலர் குடோனில் இறக்க இடமில்லை என்று லாரி டிரைவர்கள் டீக்கடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்ச்சில் டீலர் தலையில் சரக்கைக் கட்டினால் விற்பனை இந்த வருஷக் கணக்கில் ஏறும், காசு எப்போதோ வரும். சட்டப்படி இதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து இந்தப் பாக்கி எத்தனை மாதப் பழையது என்பதையும் பின்குறிப்பில் அட்டவணையாகக் கொடுத்தாக வேண்டும். சேர்மன் கடிதத்தைவிட அந்த அட்டவணை நேர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாகப் பணப்புழக்க அறிக்கை. வரிக்கு முந்தைய லாபத்தில் ஆரம்பித்து, காசாகப் போகாத தேய்மானம் போன்றவற்றைக் கூட்டி, இன்னும் வசூலாகாததைக் கழித்து, தொழிலில் உண்மையில் எவ்வளவு காசு வந்தது என்று காட்டும். டீலர் பாக்கி அடைப்புக்குறிக்குள் பெரிய தொகையாகக் கழிந்திருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, கிட்டத்தட்ட அதே அளவு தொகை கூட்டலாக நின்றது. சப்ளையர்களுக்குத் தரவேண்டியது கூடியதால் கையில் தங்கிய காசு அது. என் பில்கள் அதற்குள்தான் இருந்தன. டீலருக்கு அவர்கள் கொடுத்த கடனை அவர்களுக்கு நான் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறேன். அந்தக் காசுக்கு ஓ.டி.யில் வட்டி கட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

இதற்கு ஒரு சுலபக் கணக்கும் உண்டு. வருஷத்தில் 100 கோடிக்குக் கொள்முதல் செய்த கம்பெனிக்கு மார்ச் 31 அன்று சப்ளையர் பாக்கி 30 கோடி என்றால், அதை 365ஆல் பெருக்கி 100ஆல் வகுங்கள். சுமார் 110 நாள். 45 நாள் என்று அந்தக் கம்பெனி யாரிடம் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு குறிப்பு என்னை உசுப்பிவிட்டது. சப்ளையர் பாக்கியைக் குறு, சிறு நிறுவனங்களுக்கு உரியது, மற்றவர்களுக்கு உரியது என்று பிரித்துக் காட்ட வேண்டும். முதல் வரியில் தவணை தாண்டிய பாக்கி 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், 'எங்களிடம் உள்ள தகவலின்படி' என்று ஒரு வாசகம். நான் சிறு நிறுவனம் என்பதற்கு அரசுப் பதிவான என் உத்யம் சான்றிதழ் அவர்களிடம் இல்லை, என் மேஜை டிராயரில் இருந்தது. 2006ஆம் வருஷச் சட்டப்படி எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கிற வருஷத்தில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். சான்றிதழ் நகலை ரிஜிஸ்டர்டு தபாலில் அனுப்பினேன். பர்ச்சேஸ் மேனேஜர் போனில், "உத்யம் இல்லாதவங்ககிட்ட வாங்கிக்கலாம்னு மேல பேசிக்கறாங்க" என்றார். மிரட்டல்தான். ஆனாலும் பணம் இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது.

கணக்கே பொய்யாக இருந்தால்? இருந்திருக்கிறது. சத்யம் கம்பெனி 2008 செப்டம்பர் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் சேர்மன் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். பெரிய ஆடிட்டர்கள் கையெழுத்திட்ட கணக்குகள்தான் அவை. அந்த அளவு ஏமாற்றை நானோ நீங்களோ ஆண்டறிக்கையைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட முடியாது. பணம் தாமதமாகும் கம்பெனி எது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அது போதும். இப்போது அந்தக் கம்பெனிக்குப் போவது என் உற்பத்தியில் கால் பங்கு, அதற்கு மேல் இல்லை.

கடனில் சரக்கு கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் இல்லாத தனியார் லிமிடெட் கம்பெனியாக இருந்தாலும், அவர்கள் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். புது ஆர்டர் எடுக்கும் முன் பாருங்கள். உத்யம் நகலை முதல் பில்லோடு அனுப்பிவிடுங்கள்.