கனவில் களை முளைப்பதில்லை

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில், படவேட்டுக்குப் பாதை பிரிகிற ஊர் சந்தவாசல். மேற்கே ஜவ்வாது மலை. அடிவாரத்துக் கழனிகளில் நெல்லும் வாழையும், மேட்டுக் கொல்லைகளில் மல்லாட்டையும் விளையும். மற்ற மாவட்டக்காரர்கள் நிலக்கடலை என்பதை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்.

இந்த ஊரில் பிறந்து, சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் 23 வருடம் கணக்கு எழுதியவர் அவர். 46 வயதில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். யாரும் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, கடன் தொல்லையும் இல்லை. சின்ன வயது ஆசை, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் ‘நீ என்ன ஆகப் போகிறாய்?’ என்று வாத்தியார் கேட்டபோது, ‘தாத்தா மாதிரி பயிர் வைப்பேன்’ என்று சொன்ன பிள்ளை. அப்பா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “படிச்சி வெளிய போய்ப் பொழைக்கிற வழியப் பாரு” என்றார். அவரும் படித்தார், போனார், பிழைத்தார். ஆசை மட்டும் போகவில்லை.

மனைவி சென்னையில் பள்ளி ஆசிரியை. மகள் பத்தாம் வகுப்பு. “உங்க ஆசைக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா என் வேலைய விடச் சொல்லாதீங்க. பாப்பா படிப்புப் பணத்துல கை வைக்காதீங்க” என்றார் மனைவி. இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மூன்று ஏக்கர் நிலம். பி.எஃப். பணத்தில் கிணற்றைத் தூர்வாரி, மோட்டார் மாற்றி, வேலி போட்டதிலேயே பாதி கரைந்தது. ஆடியில் ஒரு ஏக்கரில் மல்லாட்டை விதைத்தார். செல்போனில் பார்த்த வீடியோக்களும் படித்த புத்தகங்களும் ‘இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்’ என்று சொல்லியிருந்தன. அப்படியே விட்டார். களை ஒரு தடவைதான் எடுத்தார். மண் அணைக்கவில்லை. ஜிப்சம் என்பது ஏதோ ரசாயனம் என்று நினைத்து, அந்தப் பக்கமே போகவில்லை. செடி பச்சைப் பசேலென்று நின்றது. தினமும் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

ஐப்பசியில் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. காய் இருந்தது, உள்ளே பருப்பு இல்லை. கையில் எடுத்து அழுத்தினால் ‘டப்’ என்று உடைகிற பொக்கு. ஏக்கருக்கு ஒன்பது மூட்டைதான் தேறியது. ஆள்கூலிக்கே அது பற்றவில்லை.

அன்று காய் ஆய வந்த ஆயா ஒருவர், அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கொல்லையில் வேலை செய்தவர். “ஏம்பா, உங்க தாத்தா சும்மா வுட்டாரா இந்தக் கொல்லிய? ஏரி வண்டல் அடிச்சாரு. ரெண்டு களை வெட்டி மண்ண அணைச்சாரு. நீ அதெல்லாம் எங்கப் பாத்த? பள்ளிக்கூடம் லீவு வுட்டா, மல்லாட்ட புடுங்கற அன்னிக்கிதான வருவ!”

அந்த வார்த்தை அவரைத் தூங்க விடவில்லை. உண்மைதான். அவர் நினைவில் இருந்தது ஒரே ஒரு நாள். புளியமரத்தடியில் சருகு கூட்டிச் சுட்ட பச்சை மல்லாட்டை, புகை வாசனை, தாத்தாவின் சிரிப்பு. முப்பது வருடம் அவர் சுமந்தது அறுவடை நாளை மட்டும்தான். அதற்கு முந்தைய நூறு நாளை அவர் பார்த்ததே இல்லை.

ஜப்பானின் ஃபுகோகாவுக்கும் இப்படித்தான் நடந்தது. யோகோஹாமா துறைமுகத்தில் பயிர் நோய் ஆய்வாளராக இருந்தவர், 25 வயதில் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தார். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. சும்மா விடுவது வேறு, இயற்கை விவசாயம் வேறு என்று அவர் கற்றது அந்தத் தோட்டத்தில்தான். பிறகு கோச்சி மாகாண ஆராய்ச்சி நிலையத்தில் சுமார் எட்டு வருடம் மறுபடியும் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அதற்கப்புறம்தான் நிலத்துக்கே முழுசாகத் திரும்பினார். அவருடைய வெற்றியைப் பேசுகிறவர்கள் இந்த எட்டு வருடத்தைப் பேசுவதில்லை.

சந்தவாசல்காரரும் ஒரு தபால் அட்டையில், ‘மல்லாட்டையில் பொக்கு விழுவது ஏன்?’ என்று விவசாய இதழ் ஒன்றின் கேள்வி பதில் பகுதிக்கு எழுதிப் போட்டார். பதில் வந்தது. மல்லாட்டையில் காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை, மண்ணுக்குள் இறங்கிய காயே நேராக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேர் எடுத்துக் கொடுப்பது போதாது. அதனால்தான் இலை பச்சையாக இருந்தும் காய் பொக்காகிறது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40-45ஆம் நாளில், இரண்டாம் களையின்போது, ஈரம் இருக்கையில் செடியோரம் போட்டு மண் அணைக்க வேண்டும். அதன் பிறகு விழுது இறங்கும் மண்ணைக் கிளறக்கூடாது. ஜிப்சம் மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமமாகவும் கிடைக்கிறது.

மறு ஆடியில் அந்த ஆயாவையே முன்னால் நிறுத்தி வேலை பழகினார். களைக்கொத்து பிடித்துக் கை கொப்பளித்தது. இன்னொன்றும் செய்தார். வாரத்தில் இரண்டு நாள் போளூர் போய், நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார். ‘விவசாயியா ஆகணும்னு வந்து மறுபடியும் கணக்கா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் காசில்தான் களைக்கூலி போனது. வட்டிக்கு வாங்கவில்லை. அவசரத்துக்கு அரைகுறை விலைக்கு மூட்டையைத் தள்ளிவிடவும் வேண்டியிருக்கவில்லை. 23 வருடக் கணக்கு வேலை வீண் என்று நினைத்திருந்தவருக்கு, விதை, கூலி, டீசல், சாக்கு என்று ஒவ்வொரு வரியாக எழுதியபோது, எந்த இடத்தில் பணம் ஒழுகுகிறது என்று தெரிந்தது.

அந்த முறை 17 மூட்டை. பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. மகளின் படிப்புப் பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. வேலையை விட நினைக்கும் நண்பர்கள் போன் செய்தால் அவர் சொல்வது இதுதான்: “முதல்ல ஒரு போகம், லீவு போட்டாவது, களை எடுக்கற அன்னிக்கி வந்து நில்லுங்க. அப்பவும் ஆசை இருந்தா, ஒரு ஏக்கர்ல ஆரம்பிங்க. சம்பளத்த உடனே விட்றாதீங்க.”

மகள் போன மாதம் போனில், “அப்பா, மல்லாட்டை புடுங்கறப்போ சொல்லுங்க, நான் வரேன். சுட்டுச் சாப்பிடலாம்” என்றாள்.

“வா பாப்பா. ஆனா அதுக்கு முன்னாடி, விதைச்ச நாப்பதாம் நாள் ஒரு தடவ வந்துடு” என்றார்.