ஓட்டத் தேர்வுக்குச் சென்று வந்தோம்

சென்ற மாதம் நம் மூத்த மகளை ஒரு விளையாட்டு விடுதியின் தடகளத் தேர்வுக்கு அழைத்துச் சென்றோம். அதைப் பற்றி எழுதுமாறு நம் சங்கச் செயலாளர் பணித்தார். பெருமை கொள்ளத்தக்க செய்தி எதுவும் இதில் இல்லை. ஆயினும் பெண் மக்களைப் பெற்று, வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியிருக்கும் நம்மவர் சிலருக்குப் பயன்படலாம் எனக் கருதி எழுதத் துணிந்தோம்.

நாம் பிறந்தது பூப்பாறைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்துக் குடியிருப்பில். பெற்றோர் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிக் காய் பறிக்க வந்தவர்கள். இடுக்கி மாவட்டத்தில் இன்றளவும் இரயில் பாதை கிடையாது. இரயிலைக் காண வேண்டுமாயின் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்த மலையில் பிறந்த நாம் பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதைத் தொழிலாளியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதிப் பாலக்காட்டில் எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தது ஊழின் வேடிக்கை என்றே சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுக்கு வந்த பிறகே ஓட்டம் என்பது ஒரு பெண்ணின் பிழைப்பாகவும் இருக்கக் கூடும் என்பதை அறிந்தோம். ஷொரணூர் செல்லும் வண்டியில் பாலக்காடு சந்திப்பை அடுத்து வரும் நிலையம் பறளி. அவ்வூர்ப் பள்ளியும் முண்டூர்ப் பள்ளியும் ஓட்டக்காரர்களை வளர்ப்பதில் பேர்பெற்றவை. முண்டூரில் கூலி வேலை செய்வோரின் மகளாகப் பிறந்த பி. யு. சித்ரா 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அப்படியிருந்தும் அவ்வாண்டு இலண்டனில் நடந்த உலகப் போட்டிக்கான இந்திய அணியில் அவர் பெயர் இடம்பெறவில்லை. சேர்க்க வேண்டுமென்று கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. காலம் கடந்துவிட்டதென்று உலக அமைப்பு ஏற்க மறுத்தது. 2019இல் தோகாவில் அதே ஓட்டத்தில் மீண்டும் தங்கம் பெற்றார் அவர்.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. பூப்பாறைக்கு அண்மையில் உள்ள இராஜாக்காட்டுப் பகுதியின் முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 வினாடியில் ஓடித் தங்கம் கொணர்ந்தார். தொடுபுழையின் ஷைனி 1984இல் இலாஸ் ஏஞ்செலிசில் 800 மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் அரையிறுதியை எட்டினார். இடுக்கியைச் சேர்ந்த பீனாமோள் 2002இல் பூசானில் அதே 800 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் தம்பி பினு அதே விளையாட்டில் ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். ஏற்றமும் இறக்கமுமாக நடந்தே பள்ளி செல்லும் மலைப்பிள்ளைகளின் நெஞ்சுரம் தனி என்பது நம் எண்ணம். நம் மகள் சமவெளியில் வளர்ந்தவள். அது வேறு செய்தி.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இப்பெயர்களை நாம் மனனம் செய்ததற்குக் காரணம் விளையாட்டின் மீதுள்ள பற்று மட்டும் அன்று. விளையாட்டுப் பிரிவில் இரயில்வே ஆளெடுப்பதை நாள்தோறும் கண்ணால் காண்கிறோம். இருப்புப்பாதையில் நாம் சுத்தியல் தூக்கிய ஆண்டுகளை மகள் ஓடியே கடந்துவிடலாமே என்று கணக்குப் போட்டிருந்தோம். அவளோ ஓட்டம் பிடித்திருப்பதால் ஓடினாள்.

மலையில் இருக்கும் நம் தாயார் தொலைபேசியில், "பொட்டப்புள்ளைய ஊரு பாக்க ஓட விட்டுட்டு, அடுத்து விடுதிக்கும் அனுப்பப் போறியாக்கும்?" என்றார். "தேறினால் அல்லவா அத்தா விடுதி!" என்று சொல்லித் தப்பினோம்.

சான்றிதழ்ப் படலம் தொடங்கியது. போடியில் பெற்ற பிறப்புச் சான்றில் மகளின் பெயருக்கு முன்னால் நம் பெயரின் முதலெழுத்து. பள்ளிச் சான்றில் நம் முழுப்பெயரும் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆதார் அட்டையிலோ முதலெழுத்தே இல்லை. பிறர் கோப்புகளில் பிழை பிடித்தே ஊதியம் பெறும் நாம், சொந்தப் பிள்ளையின் பெயரை மூன்று விதமாக எழுத விட்டிருந்தோம். கிராம அலுவலகத்தில் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று தருவார்கள். அதைப் பெற இரண்டு நாள் விடுப்புச் செலவாயிற்று. பிள்ளைகள் சிறியவர்களாய் இருக்கும்போதே அன்பர்கள் இதைச் சரிசெய்துகொள்வது நலம்.

அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவரின் மகளும் தேர்வுக்குச் செல்கிறாளாம். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்தெறியும் லக்ராஸ் என்னும் ஆட்டம். அந்நாட்டுத் தொல்குடிகளிடமிருந்து வந்தது. 2028 ஒலிம்பிக்கில் இடம்பெற இருக்கிறதாம். ஒரு மன்றத்தில் தேறாவிடில் மற்றொன்றுக்குக் கட்டணம் கட்டலாம் என்று எழுதியிருந்தார். நமக்கோ வேறு வாயில் இருப்பதாகத் தெரியவில்லை.

தேர்வு நாளன்று காலை ஏழு மணிக்கே திடல் நிறைந்திருந்தது. மார்பில் எண் குத்தினார்கள். உயரம், எடை பார்த்தார்கள். 30 மீட்டர் விரைவோட்டம், நின்றபடி நீளத் தாண்டல், கனமான பந்தெறிதல், பத்து மீட்டர் தொலைவை ஆறு முறை ஓடித் திரும்புதல் என எல்லாவற்றிலும் நம் மகள் நன்றாகவே செய்தாள். பயிற்றுநர் ஒருவர் அவள் எண்ணைத் தம் தாளில் சுழித்ததை நாம் கண்டோம். அதைக் கண்டதுதான் வினையாயிற்று.

இறுதியில் 800 மீட்டர். திடலை இரண்டு முறை சுற்ற வேண்டும். பதினொரு பெண்கள். முதல் வளைவில் நம் மகள் ஐந்தாவதாக அமைதியாக ஓடினாள். பள்ளி ஆசிரியை அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். நமக்கு அது தெரியாது. சுழித்த எண் கைவிட்டுப் போகிறதே என்று பதறிக் கயிற்றோரம் நின்று, "ஓடு கண்ணு! முந்து! முந்து!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவள் ஒருமுறை நம்மைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்பாய்ப் பாய்ந்து முதலிடத்துக்கு வந்தாள். நாம் துள்ளினோம். 76 வினாடியில் முதற்சுற்று. இரண்டாம் சுற்றில் பாதி கடந்ததும் கால்கள் கல்லாயின, தோள்கள் இறுகின. ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து சென்றனர். அச்சுற்றுக்கு 104 வினாடி. எட்டாவதாக வந்து புல்லில் படுத்துவிட்டாள். அவர்கள் எடுத்துக்கொண்டது அறுவரை.

பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. "அச்சனாணோ விளிச்சது?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றோம். முதற்சுற்றில் சேமிக்காத மூச்சை இரண்டாம் சுற்றில் எங்கே தேடுவது என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த ஆண்டும் வயது வரம்புக்குள் இருப்பாள், அழைத்து வாருங்கள் என்றார்.

பேருந்தில் அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நாம் வாங்கித் தந்த பழம்பொரி கையிலேயே ஆறிப்போயிற்று. முண்டூர் தாண்டிய பின், "அப்பா, நீங்க கத்துறது கேட்டுச்சு, டீச்சர் சொன்னது மறந்து போச்சு" என்றாள். மறுமொழி சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சற்றுப் பொறுத்து, "என் மேல்தான் தப்பு அம்மா" என்றோம். அவள் பழம்பொரியில் பாதியைப் பிய்த்து நம்மிடம் நீட்டினாள்.

தாயாரிடம் செய்தி சொன்னபோது, "நல்லதாப் போச்சு" என்றவர், சிறிது நேரம் கழித்து அவரே அழைத்து, "புள்ள சாப்பிட்டாளா? அடுத்த தேர்வு எப்பவாம்?" என்று கேட்டார்.

இப்போது விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவள் ஓட, நாம் மிதிவண்டியில் பின்தொடர்கிறோம். கையில் நிறுத்துக் கடிகாரம். சுற்றுக்கு 88 வினாடி என்பது ஆசிரியை தந்த கணக்கு. அதை அவளிடம் உரைப்பது மட்டுமே நம் வேலை. வேறு சொல் ஏதும் சொல்லக் கூடாதென்று நம்மிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.