எண்ணெய் ஊறட்டும்

பொறுமையைப் பற்றி முப்பதாண்டுகளாக நாம் மாணாக்கர்க்குப் பாடம் சொல்லி வந்திருக்கின்றோம். அதனை நாம் கற்றுக்கொண்டதோ, குழித்துறையில் ஒரு பட்டறையின் எண்ணெய் படிந்த தரையில் நின்றபோதுதான்.

நம்மிடம் பழைய டீசல் ஜீப் ஒன்றுண்டு. ஐப்பசி மழை நாளொன்றில், சுபுஹுத் தொழுகைக்குப் பின் அது உயிர்பெற மறுத்தது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அந்த வெப்பத்தாலேயே டீசலைப் பற்றவைப்பது அதன் இயல்பு. ருடால்ஃப் டீசல் என்னும் அறிஞர் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நுட்பம் இது. ஆனால் பழைய வகை எஞ்சின்களில், குளிர்ந்த இரும்பு அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆகவே, பாட்டரி மின்சாரத்தால் முனை சிவக்கும் ‘ஹீட்டர் பிளக்’கைச் சிலிண்டருக்கு ஒன்றாகப் பொருத்தியிருப்பார்கள்.

அவற்றுள் ஒன்று பழுது. நாமே கழற்ற முனைந்தோம், அது அசையவில்லை. சினம் மேலிட, ஸ்பானரில் குழாயொன்றைச் செருகி முழுப் பலத்தையும் செலுத்தினோம். தலை கையோடு வந்தது. மரையுள்ள உடல் உள்ளேயே தங்கிவிட்டது.

பட்டறை ஆசான் எட்டிப் பார்த்தார். “பெலத்தைக் காட்டினீங்களோ, உஸ்தாதே?” என்று மட்டும் கேட்டார். பல்லாண்டுக் கரியும் துருவும் மரையிடுக்கில் இறுகியிருந்தன. அதன்மேல் துரு நீக்கும் எண்ணெயை விட்டு, “ராத்திரி முழுக்க ஊறட்டும்” என்றார்.

மறுநாள் சிலிண்டர் ஹெட்டையே கழற்றினார். துளையிடும்போது இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் கீறிப்போகுமாம். முதலில் நட்டநடுவே மெல்லிய துளை; பின் சற்றுப் பெரியது. அதனுள் எதிர்மரை வெட்டிய கருவியைச் செலுத்தினார். அது மிகக் கடினமான எஃகு; உள்ளே முறிந்தால், துளையிட்டு எடுப்பதும் அரிது. எனவே சிறிது திருப்புவார், இறுக்கம் தென்பட்டால் நிறுத்துவார், சூடு காட்டுவார், எண்ணெய் விடுவார். லுஹருக்குச் சற்று முன் அது வெளியே வந்தது. மரையைத் துப்புரவாக்கிப் புதிய பிளக்கைக் கையாலேயே திருகினார். இறுதியில்தான் ஸ்பானரைத் தொட்டார்.

அரபியில் மென்மைக்கு ‘ரிஃப்க்’ என்று பெயர். தோழனைக் குறிக்கும் ‘ரஃபீக்’கும், முழங்கையைக் குறிக்கும் ‘மிர்ஃபக்’கும் அதே வேரில் பிறந்த சொற்கள். இவ்விலக்கணத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். ஆசானின் முழங்கை அசைவதைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் நெஞ்சில் தைத்தது.

உடனே ஒரு சிறுவனின் முகம் நினைவில் எழுந்தது. ‘ளாத்’ என்னும் எழுத்து அவன் நாவில் படியவில்லை. மூன்று வாரங்களுக்கு முன், மற்றப் பிள்ளைகள் நடுவே அவனைக் கடிந்துரைத்தோம். மறுநாள் முதல் அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை. ‘படிப்பில் நாட்டமில்லாதவன்’ என்று நாமே நமக்குத் தீர்ப்பும் கூறிக்கொண்டோம். முறித்தது நம் கை என்பதை அன்று எண்ணவில்லை.

ஜீப்பை நேரே அவன் வீட்டுக்கு விட்டோம். உம்மாவின் பின்னே ஒளிந்து நின்றான். “திரும்பி வா” என்று நாம் சொல்லவில்லை. அவ்வெழுத்தை நாமும் சிறுவயதில் நெடுநாள் தவறவிட்டதைச் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

நான்காம் நாள் வந்தான், அல்ஹம்துலில்லாஹ். எழுத்து இன்னும் படியவில்லை. அவசரமில்லை, எண்ணெய் ஊறட்டும்.