கடல் விழுங்கும் ரோடு!

பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில், வாந்தே பகுதிக்குக் காரில் போகிறவர்களுக்கு மேப் மட்டும் போதாது. கடல் ஏறி இறங்கும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். காரணம், ‘பசாஜ் து குவா’ என்ற ரோடு.

கரையையும் நுவார்மூத்தியே தீவையும் இணைக்கும் இந்த 4 கிலோமீட்டர் பாதை, தினம் இரண்டு தடவை கடலுக்குள் காணாமல் போய்விடும்! நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே, ஒன்றரை மணி பின்னே... அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்போது இருபுறமும் சேற்றில் வாளியும் கையுமாகச் சிப்பி பொறுக்குகிற குடும்பங்கள்!

மாட்டிக்கொள்பவர்களுக்காக வழியில் உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் ஆள் பிழைக்கலாம், கார் பிழைக்காது. பாசி வழுக்கல் வேறு. 1999-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்களே இங்கே கொத்தாகச் சரிந்தார்கள். ஸ்விஸ் வீரர் அலெக்ஸ் சூல்லேவுக்கு அன்று 6 நிமிஷத்துக்கு மேல் நஷ்டம்.

1971-லேயே பாலம் வந்துவிட்டது. ஆனாலும் நிறையப் பேர் காத்திருந்து இந்த ரோட்டில்தான் போகிறார்கள். பாலத்தில் எப்போதும் போகலாம். இங்கே கடல் வழிவிட்டால்தான் உண்டு. அதில்தான் ருசி!

ஒன்று மட்டும்: முன்னால் போகும் காரை நம்பிப் போகாதீர்கள். நுழைவில் நேரம் போட்டிருக்கும் போர்டைப் பாருங்கள். முன்னால் போகிறவரின் வாட்ச் ஸ்லோவாக இருக்கலாம்!